நுரைக்குள் பேரிக்காய் வாசம்

வருசநாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னந்தோப்பு. ஆனால் கள்ளுக்குக் கலயம் கட்ட முடியாது. 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. கம்பம் தாண்டிக் குமுளி மலை ஏறினால், அந்தப் பக்கம், கேரளாவில், கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. காலைக் கள்ளின் இனிப்பும், பொழுது ஏற ஏறக் கூடும் புளிப்பும் எங்கள் பெரியவர்களுக்கு அத்துப்படி. இன்று டாஸ்மாக் வாசலில் கேள்வி இரண்டுதான்: கூலிங் இருக்கா, நல்லா ஏறுமா? ருசியைப் பற்றிப் பேச்சே இல்லை. வீரியமும் ருசியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குப் பெல்ஜியத்தின் பொன்னிற ஸ்ட்ராங் ஏல் பீர் சாட்சி.

இந்த வகையில் பேர்பெற்றது டூவெல். பிரேண்டோங்க் ஊரில் மூர்ட்காட் குடும்பத்தார் 1871-ல் தொடங்கிய ஆலையின் சரக்கு. முதல் உலகப்போர் முடிந்தபின், ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த ஈஸ்டை வைத்து உருவாக்கினார்கள். ஆரம்பத்தில் கருநிறம், 1970 வாக்கில்தான் வெளிர்பொன் நிறத்துக்கு மாறியது. ஆல்கஹால் 8.5 சதவீதம். 330 மில்லி குப்பி ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், 5 சதவீதச் சாதா பீர் 650 மில்லியில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

அப்படியும் வாயில் கனக்காது. காரணம் சர்க்கரை. மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பானம் கெட்டியாகித் திகட்டும். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்தால் ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்று ஆல்கஹாலாக்கிவிடும், இனிப்பு தங்காது. குப்பியில் அடைத்த பிறகும் கதகதப்பான அறையில் மறுபடி நொதிக்க வைத்து, பிறகு வாரக்கணக்கில் குளிர் அறையில் வைக்கிறார்கள். துள்ளும் நுரை பிறப்பது அந்த மறுநொதிப்பில்.

குடிப்பதற்கு அவசரம் ஆகாது. வாய் குவிந்த, அகன்ற கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும். நுரை வெள்ளை வெளேரென்று எழும்பி நிற்கும். முதலில் மூக்கு. பேரிக்காய், எலுமிச்சைத் தோல், லேசாக மிளகு. இவற்றில் ஒன்றையும் யாரும் போடவில்லை. பழ வாசமும் மிளகு வாசமும் பெரும்பாலும் ஈஸ்டின் கைவேலை, ஹாப்ஸ் பூவின் பங்கும் கொஞ்சம் உண்டு. போடியில் ஏலக்காயை விரலால் நசுக்கி முகர்ந்து தரம் சொல்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பல் கூசும் அளவுக்குச் சில்லிட்டிருந்தால் மட்டும் வாசம் எழும்பாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைப்பது நல்லது.

முதல் மிடறில் நுரை நாக்கைக் குத்தும். இனிப்பு தலைகாட்டி மறையும். கசப்பு வறட்சியாக வந்து முடித்துவைக்கும். அதற்குப் பிறகுதான் நெஞ்சில் சூடு தெரியும். இரண்டாவது மிடறுக்கு முன் அந்தச் சூடு அடங்கட்டும்.

குப்பியின் அடியில் ஈஸ்ட் வண்டல் நிற்கும். ஊற்றும்போது அதைக் கலக்காமல் நிறுத்திவிடுவது வழக்கம். நான் அந்த மிச்சத்தைத் தனியாகச் சின்ன கிளாஸில் ஊற்றிக்கொள்வேன்: கலங்கல், கசப்பு ஒரு பங்கு கூடுதல், புளித்த மாவு வாசம். எனக்கு அதுவும் பிடிக்கும்.