படைவிளையாட்டில் ஐயமும் தீர்ப்பும்

மேசைமீது சிறு படைப்பாவைகளை நிறுத்தி, அளவுகோலும் கவறும் கொண்டு போர்புரியும் விளையாட்டைச் சிறுவர் பொழுதுபோக்கென இகழ்வாருளர். அதன் விதிநூலொன்றைப் புரட்டுவோர்க்கோ சட்டநூலொன்றைப் புரட்டிய உணர்வே உண்டாகும். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913 இல் வெளியிட்ட ‘லிற்றில் வோர்ஸ்’ என்னும் நூல் இதற்குச் சான்று. அவர் ஆட்டத்திற் சுருள்வில்லாலியங்கும் விளையாட்டுப் பீரங்கி சிறு மரக்குண்டை உண்மையாகவே எறியும். வீழ்ந்தவன் மாண்டவன், இதில் ஐயமெழ இடமேதெனலாம். ஆயின் குண்டு பட்டும் வீழாது நிற்பவன் நிலை என்னை? அக்குண்டு முன்னரே வேறொருவனைக் கொன்றிராவிடின் அவனும் மாண்டவனே என்கிறார் வெல்ஸ். எவரையும் வீழ்த்தாது பலரைத் தொட்ட குண்டால் முதலில் தொடப்பட்டவன் மட்டுமே இறப்பான். எதிலேனும் மோதித் திரும்பி ஒருவன் காலடிக்கு உருண்டு வந்த குண்டுங்கூட அவனைக் கொல்லும். இவ்விதிகள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பிணக்கு நிகழ்ந்திருக்குமென்பது படிப்போர்க்குத் தெற்றென விளங்கும்.

விதியில் ஐயம் பிறக்கும் வழிகள் பல. நிகழ்ந்ததுபற்றி விதி வாளாவிருக்கலாம். இரு விதிகள் முரணலாம். எளிய சொல்லொன்றே இருபொருள் படலாம். ‘காணுதல்’ என்னும் சொல்லையே கொள்க. எதிரியைக் கண்டாலன்றிச் சுடலாகாது என்பது பொதுவிதி. சுவர்க்கு மேலே கொடிநுனி மட்டும் தோன்றின் அவ்வீரன் காணப்பட்டவனா? ‘வோர்ஹமர் 40,000’ என்னும் விளையாட்டின் 2008 ஆம் ஆண்டுப் பதிப்பு, தலை, உடல், கை, கால் என்பவற்றுள் ஒன்று தோன்றவேண்டும், கொடியும் படைக்கலமும் கணக்கில் வாரா என விளக்கிற்று. 2017 ஆம் ஆண்டுப் பதிப்போ எப்பகுதி தோன்றினும் போதுமென்றது. விதி சுருங்கிற்று, கொடிநுனியாற் படையழிந்தோர் குறையும் பெருகிற்று. சுருக்கமே நோக்காக எழுதுவோர்க்கு இவ்விடர் என்றும் உண்டு. பில் பாக்கரும் பிறரும் 1990 இல் வெளியிட்ட பண்டைக்காலப் போர்விதிகள் சூத்திரமனைய சொற்செட்டுடையவை. நன்னூலுக்கு உரையெழுந்தாற்போல அவற்றுக்கும் ஆடுவோரே விளக்கமும் படமும் எழுதவேண்டியதாயிற்று.

ஐயந்தீர்க்கும் வழிகளுள் தொன்மையானது நடுவரை நாடல். பிரசியாவில் றைஸ்விற்ஸ் என்பார் நிலத்தோற்றம் அமைந்த மேசையொன்றை 1812 இல் மன்னருக்குக் காட்டினார். பீரங்கிப்படை அலுவலரான அவர் மகன் அதனைத் திருத்தி 1824 இல் விதிநூலாக்கினார். 1:8000 என்னும் அளவிலமைந்த நிலப்படத்தின்மேல், ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடப் போராகக் கணக்கிடப்பட்டது. ஆடுவோர் கட்டளையை எழுதிக் கொடுப்பர். நடுவரே படைக்கட்டைகளை நகர்த்தி, கவறுருட்டி, அட்டவணை நோக்கி இழப்பைக் கூறுவார். இரு தரப்பாரும் நேரே வாதிட வாய்ப்பில்லாமையால் பூசலுங் குறைந்தது.

நாளடைவில் விதிகள் பெருகின. அட்டவணையைத் தேடுவதிலேயே பொழுது கழிந்தது. 1870 ஆம் ஆண்டுப் போரில் மொல்ற்கேயின் பணிக்குழுவிலிருந்த வேர்டி டு வேர்ணுவா 1876 இல் வெளியிட்ட நூலில் அட்டவணைகளை அறவே நீக்கி, அனைத்தையும் பட்டறிவுடைய நடுவரின் தீர்ப்புக்கே விட்டார். போரை நேரிற் கண்டவனுக்கு அட்டவணை எதற்கு என்பது அவர் துணிபு. துணிபு சரியே; ஆயின் ஐயத்தை அது நூலினின்று மனிதனுக்கு மாற்றியதேயன்றி ஒழித்திலது. நடுவரின் அறிவோடு நடுநிலையும் வேண்டப்பட்டது.

அந்நடுநிலை பிறழ்ந்தமைக்கு யப்பானியர் மிட்வே தாக்குதலுக்கு முன்னர் ஆடிய ஆட்டம் சான்று. 1942 மே மாதத் தொடக்கத்தில் ‘யமற்றோ’ போர்க்கப்பலில் அது நடைபெற்றது. அதில் நடுவராயிருந்த அலுவலரும் சேர்ந்து பின்னாளில் எழுதிய நூல் கூறுவது வருமாறு: கவறு உருட்டப்பட்டது; ‘அக்காகி’, ‘காகா’ என்னும் வானூர்தி தாங்கிக் கப்பல்கள்மேல் ஒன்பது குண்டுகள் வீழ்ந்தன என்றும் இரண்டும் மூழ்கின என்றும் தீர்ப்பாயிற்று. தலைமை வகித்த உகாக்கி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். ‘காகா’ மட்டும் மூழ்கியதாகவும் ‘அக்காகி’ சிறிதே பழுதுற்றதாகவும் கொள்ளப்பட்டன. அடுத்த கட்ட ஆட்டத்தில் மூழ்கிய ‘காகா’வும் மீண்டும் மிதந்தது! 1942 யூன் 4 இல் அமெரிக்க வானூர்திகள் இரண்டையும் தாக்கின. ‘காகா’ அன்று மாலையே மூழ்கிற்று. எரிந்துகொண்டிருந்த ‘அக்காகி’யை மறுநாள் யப்பானியரே மூழ்கடித்தனர். இங்கு விதியில் ஐயமிருந்திலது. தீர்ப்பு விரும்பத்தகாதது என்பதே குறை. ஐயமில்லாவிடத்து ஐயத்தை உண்டாக்குதல் ஐயத்தைத் தீர்த்தலாகாது.

வீட்டில் இருவர் மட்டும் ஆடும்போது நடுவர் இலர். அவர்க்கு ‘வோர்ஹமர்’ விதிநூல்கள் கூறிய வழி, உடன்பாடு எய்தாவிடிற் கவறுருட்டி, ஒன்று முதல் மூன்று வரின் ஒருவர் கொள்கை, நான்கு முதல் ஆறு வரின் மற்றவர் கொள்கை என முடித்தல். பிணக்கு நொடியில் தீரும். எனினும் சிறிதும் வலுவற்ற வாதத்தை எழுப்பியவனுக்கும் சரிபாதி வாய்ப்பு வாய்த்துவிடுகின்றது. வழக்காடத் துணிந்தவனுக்கே ஆதாயம். இதனாலே தேர்ந்த ஆட்டக்காரர், கவறு உருளுமுன்னரே தம் கருத்தை வெளிப்படக் கூறுவர். ‘இப்படை உமது பீரங்கி எட்டாத இடத்தில் நிற்கின்றது’ என ஒருவர் மொழிய, மற்றவர் அளந்து உடன்படுவார். பின்னர்ப் பாவை அரையங்குலம் நகர்ந்திருப்பினும் சொல்லே நிற்கும். காடு எங்கே முடிகின்றது, மதில் எவ்வளவு மறைக்கும் என்பனவும் முதற்படை நகருமுன்னரே பேசி முடிக்கப்படும். எஞ்சிய ஐயத்துக்கு மட்டுமே கவறு. ஆட்டம் முடிந்தபின் இருவரும் நூலை விரித்து, அடுத்த ஆட்டத்துக்குரிய பொருளை வரையறுப்பர்.