காலை எடுத்த பின்னும் கார் சீறினால்?

மும்பையில் விடிந்தும் விடியாத வேளையிலேயே 'எல்' போர்டு மாட்டிய சின்னக் கார்கள் தெருவுக்கு வந்துவிடுகின்றன. ஆபீசுக்குப் போகும் முன் அரை மணி நேரம் பழகும் குமாஸ்தா, டாக்சி ஓட்டிப் பிழைக்க லைசென்சு தேடும் இளைஞர் என்று நம்மவர்களும் அவற்றில் உண்டு. கியர் மாற்றவும், பின்பக்கம் எடுக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்த பிறகும் வேகம் குறையாவிட்டால் என்ன செய்வது? அதைக் கேட்டால் பலர் விழிப்பார்கள்.

விழிப்பது அவர்கள் குற்றம் அல்ல. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே தடுமாறி இருக்கிறார்கள். 2009 ஆகஸ்ட் 28-ந் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெடுஞ்சாலைப் போலீஸ் அதிகாரி ஒருவர் இரவல் லெக்சஸ் காரில் குடும்பத்துடன் சென்றார். ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்த காரில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். காரணம், வேறு மாடல் காருக்கு உரிய கால்மிதி. அது பெடலைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காருக்குச் சாவி கிடையாது, பொத்தான்தான். ஓடும்போது என்ஜினை அணைக்க, அதைச் சுமார் 3 விநாடி விடாமல் அழுத்த வேண்டும். ஆபத்தில் 3 விநாடி என்பது ஒரு யுகம்!

நம் ஊர்க் கார்களிலும் கால்மிதி நழுவும். சீட்டுக்கு அடியில் கிடந்த தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து பெடலில் சிக்கும். கேபிள் உள்ள பழைய வண்டியில் ஸ்பிரிங் அறுந்தாலும் இதே கதிதான்.

அப்போது கையும் காலும் செய்ய வேண்டியது இவ்வளவே. பிரேக்கை ஒரே மிதியாக, பலம்கொண்ட மட்டும் மிதிக்க வேண்டும். கூடவே கிளட்சை முழுவதும் அழுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'என்' நிலைக்கு மாற்ற வேண்டும்.

பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. காலுக்குத் துணை செய்யும் வாக்குவம், என்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது மீண்டும் சேராது. இரண்டு மூன்று மிதியில் அது தீர்ந்துவிடும், பெடல் கல்லாகிவிடும்.

நியூட்ரலுக்கு வந்ததும் என்ஜின் பயங்கரமாக அலறும். புதியவர்கள் பயந்து கிளட்சை விட்டுவிடுவதும், மறுபடி கியர் போடுவதும் இங்கேதான். அலறட்டும். என்ஜின் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஓரம் கட்டி நிறுத்திய பிறகு சாவியைத் திருப்பினால் போதும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். குனிந்து பாட்டிலை எடுக்கப் போவது அதைவிட மோசம்.

இதைச் சொன்னால் மட்டும் மனதில் நிற்காது. என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் பழக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் திடீரென்று "சிக்கிவிட்டது!" என்று குரல் கொடுக்க, பழகுகிறவர் பிரேக், கிளட்ச், நியூட்ரல் என்று வரிசையாகச் செய்ய வேண்டும். யோசிக்காமல் செய்யும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தினம் 10 தடவை செய்தாலும் 5 நிமிடம் ஆகாது; பெட்ரோல் செலவும் இல்லை.

இன்னொன்று. இங்கே சொல்லிக் கொடுப்பவர் "கிளட்ச் தபாவ்" என்று இந்தியில்தான் கத்துவார். ஊரில் இருந்து புதிதாக வந்தவருக்கு அது புரிவதற்குள் கார் எங்கோ போயிருக்கும். எந்தச் சொல்லுக்கு எந்தப் பெடல் என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கட்டணம் வாங்கிப் பழக்கும் பள்ளி என்றால், பயிற்சியாளர் பக்கமும் வண்டியை நிறுத்தப் பெடல் இருக்க வேண்டும் என்பது விதி. அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டலாம்.

ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் இது பொருந்தும். மழைக் காலத்தில் ஆக்சிலேட்டர் கேபிள் துருப்பிடித்து இறுகும். கியர் வண்டியில் கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைக்கலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிடிக்கக் கிளட்ச் இல்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணைக்க வேண்டும்.

காலையில் வண்டியை எடுக்கும் முன், என்ஜினை ஓடவிடாமல் கைப்பிடியை முறுக்கி விட்டுப் பார்க்கலாம். 'டக்'கென்று திரும்பினால் சரி. மெல்ல நகர்ந்து வந்தால் அன்று பஸ்சில் போய்விட்டு, மாலையில் கேபிளை மாற்றிக்கொள்ளலாம்.