பெரிய ரயரும் உழவு இயந்திரத்தின் மட்காட்டும்

காலபோக மழை பிந்தி வந்து ஒரேயடியாகப் பொழியும் ஆண்டுகளில், தென்மராட்சியின் களிப்பாங்கான வயல்களில் உழவு இயந்திரத்தின் சில்லுகள் புதைந்துவிடுகின்றன. இதற்குப் பரிகாரமாகக் கமக்காரர் சிலர் பின்சில்லுகளுக்குப் பெரிய ரயர் பூட்டுகின்றனர். அது மட்காட்டில் உரசியதும், தகட்டை வெட்டுவிக்கப் பட்டறையை நாடுகின்றனர். வெட்டுதல் கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. மட்காட் சேற்றைத் தடுப்பதற்கு மாத்திரம் உள்ளதன்று. ஓட்டுபவரின் காலும் சாரமும் சுழலும் ரயரின் பல்லில் அகப்படாது காப்பதும் அதுவே.

ரயரின் பக்கத்தில் 12.4-28 என்றிருந்தால், அகலம் 12.4 அங்குலம், வளையத்தின் விட்டம் 28 அங்குலம் என்பது பொருள். அதற்குப் பதிலாக 13.6-28 பூட்டினால் அகலம் 1.2 அங்குலம் கூடும், உயரமும் கூடும். உயரம் கூடிய சில்லு ஒரு சுற்றில் அதிக தூரம் செல்வதால் இழுவை சற்றுக் குறையும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். புழுதி விதைப்புக்கு மாத்திரம் உழுபவருக்கு இச்செலவு வீண்.

ரயர் தகட்டின் உட்பக்கத்தில் உரசுமாயின், சில்லுகளின் இடைவெளியை அகட்டுங்கள். மாசி பேர்கசன் 35, 135 போன்ற இயந்திரங்களில் வளையத்தையும் நடுத்தட்டையும் திருப்பிப் பூட்டி, இவ்விடைவெளியை 48 அங்குலம் முதல் 76 அங்குலம்வரை, 4 அங்குலப் படிகளாக மாற்றலாம். மாற்றியபின் ரயர்ப் பற்களின் கூர்முனை முன்போலவே நோக்குகின்றதா என்று பாருங்கள். தவறினால் வலச் சில்லையும் இடச் சில்லையும் மாற்றிப் பூட்டவேண்டும். ஆனால், அகட்டுமுன் உங்கள் ஒழுங்கையையும் படலையையும் அளந்துகொள்ளுங்கள். அயலவரின் வேலிக் கதியாலை முறித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போக இயலாதல்லவா?

மேற்பக்கத்தில் உரசினால், மட்காட்டைத் தாங்கும் இடத்தில் இரும்புக் கட்டை வைத்து, நீளமான ஆணிகளால் உயர்த்திப் பூட்டலாம். சேறு அடைபடாதிருக்க இரண்டு அங்குல இடைவெளியாவது வேண்டும்.

இவற்றாலும் தீராவிடின் வெட்டலாம். விளக்குக் கம்பிகளைக் கழற்றி, மட்காட்டை இயந்திரத்திலிருந்து முற்றாக நீக்கியபின்பே வாளையோ தீயையோ பயன்படுத்துங்கள். எண்ணெய்த் தாங்கி அருகிலுள்ளது. வெளி விளிம்பை மாத்திரம் வெட்டுங்கள். ஓட்டுபவருக்கும் சில்லுக்கும் இடையே நிற்கும் உட்தகட்டில் கை வைக்கவேண்டாம். வெட்டிய ஓரத்தை அரத்தால் அராவி, உருண்டைக் கம்பி ஒட்டுவித்து, துருப்பிடியாத மை பூசுங்கள்.

மட்காட்டின் மேல் பிள்ளைகளை இருத்திச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. முழுத் தகட்டிலேயே அது ஆபத்து. வெட்டிய தகட்டில் ஒருபோதும் ஆகாது. வேலை முடிந்தபின் பின்விளக்கை மீண்டும் பூட்டி, முதல் நாள் உழவின் நடுவே இயந்திரத்தை நிறுத்தி ஆணிகளை மறுபடி இறுக்குங்கள்.