கல்லாப்பெட்டியைக் கரைக்கும் வீட்டு மின்பட்டியல்

2023 மார்ச் மாதம். ரமழானுக்கு இன்னும் இரண்டு வாரமளவில்தான் இருந்தது. காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வருடத்தின் முழு வியாபாரமும் அந்த ஒரு மாதத்தில்தான் தங்கியிருக்கிறது. பெருநாள் சரக்கு எடுப்பதற்காகப் புறக்கோட்டைக்குப் புறப்படும் முதல்நாள் இரவு கல்லாவை எண்ணினேன். எதிர்பார்த்த தொகை இல்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. வீட்டு மின்பட்டியலுக்கும், அதற்கு முந்திய மாத நிலுவைக்கும் கடைக் காசில் கைவைத்திருந்தேன்.

எங்கள் ஊர்களில் இது புதுமையல்ல. காத்தான்குடியோ ஏறாவூரோ ஓட்டமாவடியோ, சிறு வியாபாரியின் வீட்டுச் செலவுக்கும் கடை முதலுக்கும் நடுவில் மதில் கிடையாது. வீட்டில் ஒரு செலவு கூடினால் கடையில் ஒரு கட்டுத் துணி குறையும். அந்தப் பயணத்தில் நான் எடுக்க நினைத்த சரக்கில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் திரும்பினேன். பெருநாளுக்கு முந்திய வாரம் அதே துணியைக் கேட்டு வந்தவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். அந்த வேதனையில்தான் வீட்டு மின்மானியைத் திரும்பிப் பார்த்தேன்.

கட்டணம் நம் கையில் இல்லை

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூட்டப்பட்டது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 சதவீதம். கணக்குப் போட்டால், 100 ரூபாயாக இருந்தது ஆறு மாதத்தில் ஏறத்தாழ 290 ரூபாய். அதன் பின் 2024 மார்ச்சில் 21.9 சதவீதமும், ஜூலையில் 22.5 சதவீதமும், 2025 ஜனவரியில் 20 சதவீதமும் குறைந்தது. 2025 ஜூனில் மறுபடி 15 சதவீதம் கூடியது. மழை பெய்து நீர்த்தேக்கம் நிரம்பினால் இறங்கும். நிலக்கரியும் எண்ணெயும் விலையேறினால் ஏறும். இதில் நானும் நீங்களும் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை அலகு எரிப்பது என்பது நம் வீட்டுக்குள் நடக்கும் விடயம்.

கடைசி அலகுதான் விலை கூடிய அலகு

நாம் வியாபாரிகள். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று பழகியவர்கள். மின்சாரத்தில் அது தலைகீழ். கூட எடுக்க எடுக்க விலை கூடும்.

2022க்குப் பின் வந்த திருத்தங்களிலும் வீட்டுப் பாவனை படிபடியாகத்தான் கணக்கிடப்பட்டது. 30, 60, 90, 120, 180 என்பவை அந்தப் படிகள். மேல் படிக்குப் போகப் போக அலகின் விலை பொதுவாக ஏறும். நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். இதில் 60 மிக முக்கியமான கோடு. 60 அலகுக்குள் நின்றவருக்கு ஒரு மலிவு விலை. 61ஆவது அலகு எரிந்தவுடன் அந்த மலிவு விலை போய்விடும். முதல் அலகிலிருந்தே கூடிய விலை. 180ஐத் தாண்டினால் தாண்டிய அலகுகளுக்கு ஆகக் கூடிய விலை.

ஆகவே 200 அலகு எரிக்கும் வீட்டில் 20 அலகைக் குறைத்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று நினைக்கக் கூடாது. குறைவது ஆக விலை கூடிய 20 அலகு. பட்டியலில் அதைவிடக் கூடிய பங்கு குறையும்.

கடைப் பட்டியலிலும் 180 ஒரு கோடு என்பதைக் கவனியுங்கள். சிறு கடைகளுக்கான பொதுத்தேவைக் கட்டணத்தில் 180க்குள் நிற்பவருக்கு ஒரு விலை, தாண்டுபவருக்கு வேறு விலை என்றே வைத்திருந்தார்கள்.

சரக்குக் கணக்கு எடுப்பதுபோல

எனக்கு வழி காட்டியவர் எங்கள் தெருவில் வயரிங் வேலை செய்யும் ஒரு தம்பி. "காக்கா, முதல்ல எல்லாச் சுவிச்சையும் நிப்பாட்டிப் போட்டு மீற்றரப் பாருங்க. அப்பவும் ஓடினா எங்கயோ ஒழுகுது" என்றார். நிறுத்தினேன். மீற்றர் ஓடியது. தேடிப் பார்த்ததில் பின்னறையில் டீப் பிரீசர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மீற்றர் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதும் வேலையை இளைய மகளிடம் கொடுத்தேன். நேற்றைய இலக்கத்தை இன்றையதிலிருந்து கழித்தால் ஒரு நாள் பாவனை. ஏழரை அலகு, எட்டு அலகு என்று வந்தது. மார்ச் பட்டியலில் இருந்தது 226 அலகு. எங்கே போகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பிடித்தோம். கணக்கு இலகுவானது. பொருளில் எழுதியிருக்கும் வோட் எண்ணிக்கையை மணித்தியாலத்தால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் அலகு வரும்.

பிரீசர்: ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி வைக்க ஓடவிட்டது. எட்டு மாதம் கழித்து உள்ளே இருந்தது மூன்று பொதி. அந்த மூன்று பொதிக்காக நாளொன்றுக்கு 1.2 அலகு, மாதம் 36 அலகு. மூன்று பொதியையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிட்டு பிரீசரை நிறுத்தினோம். இப்போது பெருநாளுக்குப் போடுகிறோம், இறைச்சி முடிந்ததும் நிறுத்துகிறோம். குளிர்சாதனப் பெட்டியையும் பாருங்கள். கதவு றப்பருக்கு நடுவில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தாள் இலகுவாக வழுகி வந்தால் றப்பர் போய்விட்டது, குளிர் வெளியே ஒழுகுகிறது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சூட்டோடு கறியை உள்ளே வைக்காதீர்கள்.

மின்குமிழ்: வாசலில் 60 வோட் குண்டு பல்ப் இரவு முழுக்க எரிந்தது. 12 மணித்தியாலப்படி மாதம் 21.6 அலகு. 9 வோட் எல்.ஈ.டி. போட்டால் 3.2 அலகு. குசினியிலும் குளியலறையிலும் இருந்த இரண்டு குண்டு பல்புகளையும் மாற்றியதில் மொத்தம் 30 அலகு குறைந்தது. இதில் நானும் ஏமாந்தேன். விலை குறைவென்று எடுத்த எல்.ஈ.டி. பல்புகள் மூன்று மாதத்தில் கருகின. உத்தரவாதம் எழுதித் தருபவரிடம் வாங்குங்கள். வியாபாரிக்கே வியாபாரப் புத்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

மின்விசிறி: ஒரு பழைய விசிறி 75 வோட். சிறியதாகத் தெரியும். ஆனால் 16 மணித்தியாலம் ஓடினால் மாதம் 36 அலகு, பிரீசர் எடுத்ததற்குச் சமம். எங்கள் ஹோலில் ஆளில்லாமலே பாதி நாள் ஓடியது. அந்த எட்டு மணித்தியாலத்தை நிறுத்தியதில் 18 அலகு மிச்சம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விசிறி இல்லாமல் இருக்க முடியாது, உண்மைதான். அந்த நாட்களில் பகலில் மேற்குப் பக்க யன்னலைச் சாத்தித் திரை போடுங்கள். கடற்காற்று வந்ததும் கிழக்குப் பக்கத்தைத் திறவுங்கள். சீற்றுக் கூரைக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தால் அறைக்குள் சூடு குறையும். புதிதாக வாங்குவதானால் 30 வோட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியை வாங்குங்கள். விலை கூடத்தான். நாளில் கூட நேரம் ஓடும் இடத்துக்கு முதலில் போடுங்கள்.

தண்ணீர் மோட்டர்: ஒரு குதிரைவலு மோட்டர் ஏறத்தாழ 750 வோட். தாங்கி நிரம்பி ஒழுங்கையில் வழியும் வரை ஓடும். தினமும் 20 நிமிடம் வீணாக ஓடினால் மாதம் 7.5 அலகு. மிதவைச் சுவிச் ஒன்று போதும், மறதிக்கு மருந்து.

அயனும் கேத்தலும்: சூடாக்கும் இப்படியான பொருட்கள் பெரும்பாலும் ஆயிரம் வோட் அளவிலோ அதற்கு மேலோ எடுக்கும். அவசரத்துக்கு ஒரு சேர்ட், மாலைக்கு ஒரு சாரம் என்று தனித்தனியாக அயனைச் சூடாக்காமல் வாரத்துக்கு ஒரு நாள் சேர்த்து அயன் பண்ணுங்கள். கேத்தலில் ஒருமுறை கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். இதில் எங்களுக்கு 4 அலகு குறைந்தது.

குளிரூட்டி இருப்பவர்கள் 26 பாகையில் வையுங்கள், வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

கூட்டிப் பார்த்தால்

பிரீசர் 36, மின்குமிழ் 30, விசிறி 18, மோட்டர் 7.5, அயனும் கேத்தலும் 4. மொத்தம் 95.5 அலகு. ஜூன் மாதப் பட்டியலில் 130 அலகு வந்தது. வீட்டில் யாரும் இருட்டில் இருக்கவில்லை, வியர்வையில் தூங்கவில்லை. பிறகு படுக்கையறைக்கு ஒரு பி.எல்.டி.சி. விசிறி போட்டதில் 120க்குக் கீழே இறங்கி, இன்னொரு படியையும் தப்பினோம்.

அந்த ஜூன் மாதத்தில் பட்டியல் 5,000 ரூபாய்க்கு மேல் குறைந்தது. இதை வியாபாரக் கணக்கில் பாருங்கள். செலவெல்லாம் போக 100 ரூபாய் விற்பனைக்குப் 10 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்தால், 5,000 ரூபாய் சம்பாதிக்க நான் 50,000 ரூபாய்க்குத் துணி விற்க வேண்டும். அதற்குச் சரக்கு எடுக்க வேண்டும், லொறிக் கூலி கொடுக்க வேண்டும், கடனுக்குக் கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். மின்மானியில் மிச்சம் பிடித்த காசுக்கு இவை ஒன்றும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய்தேன். மிச்சமான காசை மிச்சம் என்று விட்டுவிடவில்லை. விட்டால் வேறு வழியில் போய்விடும். மாதம் 5,000 ரூபாயைப் பெருநாள் சரக்குக்கென்று தனி உறையில் போட்டு வந்தேன். 2024 ரமழானுக்கு முன் புறக்கோட்டைக்குப் போனபோது அந்த உறையையும் கொண்டுபோனேன். முந்திய வருடம் விட்டுவந்த துணியையும் சேர்த்து எடுத்தேன்.

நாளைக் காலை கடை திறக்கப் போகுமுன் வீட்டு மின்மானியை ஒருமுறை பாருங்கள். இலக்கத்தை எழுதுங்கள். நாளை மறுநாளும் எழுதுங்கள். கடையில் ஒரு முழம் துணி குறைந்தால் கண்டுபிடிக்கும் நமக்கு, வீட்டில் ஒழுகும் அலகைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல.