டிராக்டர் டீசல் குழாயில் காற்று: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மளிகை வியாபாரிகளின் இதழில் டிராக்டருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். எங்கள் தீர்த்தமலைப் பக்கத்தில் புளியானாலும் மரவள்ளிக் கிழங்கானாலும் காட்டை விட்டு வெளியே வருவது டிராக்டர் டிரெய்லரில்தான். வண்டி நின்றால் வியாபாரமும் நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குனியில் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. புளி மூட்டைகளோடு அரூருக்குக் கிளம்பிய வண்டி பாதி வழியில் திக்கித் திக்கி நின்றது. கைப்பம்பை அடித்தால் கிளம்பும், சிறிது தூரம் போனதும் மறுபடி நிற்கும். ஒரு பட்டறையில் காட்டினோம். "டீசல் பம்ப் போய்விட்டது" என்றார்கள். கழற்றிச் சரி செய்ய 14,000 ரூபாய் கொடுத்தோம். மறுநாளே வண்டி அதே மாதிரி நின்றது. அன்று மாலை பெய்த கோடை மழையில் மேலடுக்கு மூட்டைகள் நனைந்தன. நனைந்த புளி கறுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. கடைசியில் வயதான டிரைவர் ஒருவர் குனிந்து பார்த்து, டேங்குக்கு அடியிலிருந்த ரப்பர் குழாயின் வெடிப்பைக் காட்டினார். அந்தக் குழாயின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட இல்லை.

விஷயம் இதுதான். டீசல் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். பல டிராக்டர்களில் நாசில் திறக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தம் வேண்டும். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் பம்ப் அழுத்தும் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. பம்ப் நன்றாக இருந்தும் கெட்டுப்போனது போலவே தெரியும். எங்களைப் போன்றவர்கள் ஏமாறுவது இங்கேதான். (மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் ஊரில் இன்னும் எல்லாம் மைக்கோ பம்ப்தான்.)

காற்று நுழைவது பெரும்பாலும் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில். அந்தப் பகுதியில் டீசல் உறிஞ்சப்படுவதால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகையால் ஒழுகலைத் தேடினால் கிடைக்காது. ஆனால் டேங்க் மேலே இருக்கும் வண்டியை இரவில் நிறுத்தி வைத்தால் அதே இடத்தில் லேசாக ஈரம் கசியும். காலையில் எந்த இணைப்பில் புழுதி ஈரமாக அப்பியிருக்கிறது என்று பாருங்கள். காலையில் கிளம்ப அடம் பிடிப்பது, வேகம் தானாக ஏறி இறங்குவது, மேட்டில் பாரம் இழுக்காமல் நிற்பது, டேங்கில் டீசல் குறைந்ததும் தொல்லை அதிகமாவது, இவையெல்லாம் காற்று போவதன் அறிகுறிகள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, ஃபீட் பம்புக்கு மேலான உயரத்தில் வைத்து, புதுக் குழாய் ஒன்றால் நேரே பம்பில் இணைத்து ஓட்டுங்கள். ஒழுங்காக ஓடினால் கோளாறு டேங்க் பக்கத்துக் குழாயிலோ அதன் இணைப்புகளிலோதான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் குமிழ் போவதையும் பார்க்கலாம். பிறகு ரப்பர் குழாய், கிளிப், செம்பு வாஷர்கள், பில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பில்டர் மாற்றிய மறுநாள் தொல்லை தொடங்கினால் அந்த வளையத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி இதே போல நிற்கும். மூடியைத் திறந்ததும் ஓடினால் அதுதான் காரணம்.

கோளாறைச் சரி செய்தபின் காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் பில்டரின் மேல் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். அடுத்து இரண்டாவது பில்டர், அதற்கப்புறம் பம்பின் திருகு. வரிசையை மாற்றினால் காற்று முன்னே போய்த் தங்கிவிடும். திருகில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு பம்புக்குள் போனால் உண்மையிலேயே 14,000 ரூபாய் வேலை வந்துவிடும்.

நாசில் குழாய் கசிகிறதா என்று ஓடும் இன்ஜினில் விரல் வைத்துத் தடவவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு வந்ததால், காமன் ரெயில் இன்ஜின்கள் வந்திருக்கின்றன. அவற்றின் அழுத்தம் பல மடங்கு அதிகம். அவற்றில் நீங்கள் எந்தக் குழாயையும் தளர்த்த வேண்டாம், கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள்.

எங்கள் டிராக்டர் பெட்டியில் இப்போது ஒரு முழம் டீசல் குழாய், நாலு கிளிப், அளவுக்கு ஏற்ற செம்பு வாஷர்கள், ஒரு தார்ப்பாய் ஆகியவை எப்போதும் கிடக்கின்றன.