அனுப்புவோரின் கடமை

பணியாளர்கள் மனநிறைவோடும் ஊக்கத்தோடும் உழைக்கும் பணியிடத்தை எவ்வாறு உருவாக்குவது என்ற கேள்விக்கு முகாமைத்துவ நூல்களும் பயிற்சிப் பட்டறைகளும் பெரும்பாலும் ஊதியம், பாராட்டு, பதவி உயர்வு ஆகியவற்றிலேயே விடை தேடுகின்றன. இவை யாவும் தேவையானவையே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முற்பட்ட கடமை ஒன்று உண்டு. வேலைக்கு அனுப்பப்பட்டவர் தாம் நிற்கும் இடம் ஆபத்தானது என்று சொன்னால், அந்தச் சொல் அனுப்பியவரின் முடிவை மாற்றும் வலிமை உடையதாக இருக்க வேண்டும். இக்கடமையைப் பற்றி எண்ணும் எவரும் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரைக் கடந்து செல்ல முடியாது.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர் திருகோணமலை மாவட்டத்தில் நிவாரணப் பணியாற்றிய அமைப்புகளுள் பிரான்சைத் தலைமையிடமாகக் கொண்ட பட்டினிக்கு எதிரான அமைப்பும் ஒன்றாகும். 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் அதன் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் மூதூரிலிருந்த கிளை அலுவலகத்தில் தங்கியிருந்தனர்; அவர்களுள் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதையொட்டி மூண்ட மோதல் அந்நாள்களில் மூதூர் நகருக்குள்ளும் பரவியதால், திருகோணமலைக்கான படகுச் சேவை நின்று, தரைவழியும் அடைபட்டது. வானொலிக் கருவி வழியாகத் திருகோணமலை அலுவலகத்துடன் தொடர்பிலிருந்த பணியாளர்களுக்கு, வளாகத்திலேயே தங்கியிருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. நடுநிலையான தொண்டு நிறுவனத்தின் கொடியையும் சின்னத்தையும் போரிடுவோர் மதிப்பர் என்ற நம்பிக்கையே இத்தகைய அறிவுறுத்தல்களின் அடிப்படை. அவர்களை மீட்க எடுக்கப்பட்ட முயற்சிகள் வழியிலேயே தடைப்பட்டன. ஓகஸ்ட் 4 ஆம் திகதி அவர்கள் அவ்வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களின் பின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது, பலர் நிறுவனத்தின் பெயர் பொறித்த மேற்சட்டைகளை அணிந்தபடியே கிடந்தனர்.

இக்கொலைகளுக்கான பொறுப்பு கொன்றவர்களுடையதே. அதை வேறெவர் மீதும் சுமத்த இடமில்லை. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அதே மாத இறுதியில் அரசாங்கப் பாதுகாப்புப் படையினரைப் பொறுப்பாளிகளாகச் சுட்டியது. அரசாங்கம் அதை மறுத்தது. நிறுவனம் 2013 டிசெம்பரில் வெளியிட்ட தன் அறிக்கையிலும் படையினரையே குற்றஞ்சாட்டியது. எனினும் எவரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை. இந்நீதி மறுப்பு ஒருபுறமிருக்க, பணியாளரைக் களத்துக்கு அனுப்பும் நிறுவனங்கள் அனைத்தும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறொரு கேள்வியும் எஞ்சியிருக்கிறது: தொலைவிலுள்ள அலுவலகமும் களத்திலுள்ள பணியாளரும் நிலைமையை வெவ்வேறாக மதிப்பிடும்போது, எவருடைய மதிப்பீடு மேலோங்க வேண்டும்?

சட்டவியலில் இது கவனிப்புக் கடமை என்று பேசப்படுகிறது. அதாவது, முன்கூட்டியே ஊகிக்கத்தக்க தீங்கிலிருந்து தன் பணியாளரைக் காப்பதற்கு நியாயமான நடவடிக்கைகளை எடுக்க வேண்டிய பொறுப்பு தொழில்கொள்வோருக்கு உண்டு என்பதாகும். உதவி நிறுவனங்களுக்கும் இக்கடமை முழுமையாகப் பொருந்தும் என்பதை 2015 நவம்பரில் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நிலைநாட்டியது. 2012 இல் கென்யாவின் தடாப் அகதி முகாமில் காயமுற்றுக் கடத்தப்பட்ட கனடியப் பணியாளர் ஸ்டீவ் டெனிஸ் தொடுத்த வழக்கில், நோர்வே அகதிகள் பேரவை பெரும் கவனயீனத்துடன் நடந்துகொண்டதாக நீதிமன்றம் கண்டு, இழப்பீடு வழங்கப் பணித்தது. அதே தாக்குதலில் உயிரிழந்தவர் உள்ளூர்ச் சாரதி ஒருவர் என்பதையும் இங்கே மறக்கலாகாது. உதவிப் பணியில் கொல்லப்படுவோரிற் பெரும்பாலோர் அவ்வந்நாட்டுப் பணியாளர்களே. ஆனால் ஐரோப்பிய நீதிமன்றமொன்றின் கதவைத் தட்டும் வலு அவர்களுடைய குடும்பங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

களப்பணியாளரின் பாதுகாப்பிலுள்ள இடைவெளி இலங்கைச் சட்டத்திலும் தெரிகிறது. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தலத்தைக் கட்டடத்தோடும் இயந்திரத்தோடும் பிணைத்துப் பார்க்கிறது. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தீங்கு நேர்ந்த பின்னரே பேசுகிறது. கிணறு துப்புரவாக்கச் செல்பவருக்கும் வீடு வீடாகச் சென்று தாய்மாரைப் பார்ப்பவருக்கும் வீதியும் படகுமே பணியிடமாகும். சர்வதேச தொழில் அமைப்பின் 1981 ஆம் ஆண்டைய 155 ஆவது சமவாயம் இதைத் தெளிவாக உணர்ந்து, தொழில்கொள்வோரின் நேரடி அல்லது மறைமுகக் கட்டுப்பாட்டுக்குட்பட்டு, வேலையின் பொருட்டுத் தொழிலாளர் இருக்கவோ செல்லவோ வேண்டிய இடங்கள் அனைத்தையும் பணியிடமாகக் கொள்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து உண்டு என நியாயமாக நம்பி விலகிச் செல்பவரைத் தண்டிக்கலாகாது என்றும், அந்நிலை திருத்தப்படும் வரை அவரைத் திரும்பப் பணிக்கு வருமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றும் அது விதிக்கிறது. 2022 ஜூனில், பாதுகாப்பான, நலமான பணிச்சூழல் அவ்வமைப்பின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது.

பாதுகாப்புப் பற்றிய இப்பேச்சு உற்பத்தித்திறனுக்குத் தொடர்பற்றது என்று கருதுவோர், அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சனின் கண்டுபிடிப்பை ஆழ்ந்து நோக்க வேண்டும். மருத்துவமனைகளில் மருந்து வழங்குவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், நல்ல தலைமையும் இணக்கமும் கொண்ட பிரிவுகளிலேயே கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தமை வெளிப்பட்டது. அப்பிரிவுகளில் தவறு மிகுந்திருந்தது என்பதைவிட, தவறை அச்சமின்றி எடுத்துரைக்க முடிந்தது என்பதே அதற்குப் பொருந்தும் விளக்கமாகும். கேள்வி கேட்டாலோ மறுப்புத் தெரிவித்தாலோ இழிவுபடுத்தப்பட மாட்டோம் என்று குழுவினர் பகிர்ந்துகொள்ளும் இந்நம்பிக்கையை அவர் உளவியல் பாதுகாப்பு என்று விளக்கினார். உற்பத்தி நிறுவனமொன்றின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999 இல் வெளியிட்ட கட்டுரையில், அந்நம்பிக்கை மிகுந்த குழுக்கள் கூடுதலாகக் கற்றுச் சிறப்பாகச் செயற்பட்டன என்றும் காட்டினார். பேச அஞ்சும் இடத்தில் செய்தி மேலே செல்வதில்லை. செய்தி செல்லாத அலுவலகம் எவ்வளவு திறமையானதாயினும் இருட்டிலேயே முடிவெடுக்கிறது.

இன்றைய மூதூரில் துப்பாக்கிச் சத்தம் இல்லை. பாலங்கள் கட்டப்பட்டதால் படகை மட்டும் நம்பியிருந்த காலமும் கடந்துவிட்டது. ஆயினும் மகாவலி பெருகும் மாதங்களில் நீரில் மூழ்கும் வீதிகளிலும், யானை நடமாடும் எல்லைக் கிராமங்களிலும் குடும்பநல உத்தியோகத்தர்களும் கிராம உத்தியோகத்தர்களும் மின்சார ஊழியர்களும் கடமைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அவர்களை அனுப்பும் ஒவ்வோர் அலுவலகமும், வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன்பே சிலவற்றை எழுத்தில் வகுத்துவைத்தல் வேண்டும்: எந்த நிலையில் பயணம் கைவிடப்படும், பாதி வழியில் திரும்பும் முடிவை மேலதிகாரியின் அனுமதியின்றிக் களத்திலிருப்பவரே எடுக்கலாமா, அவ்வாறு திரும்பியவரின் நாட்சம்பளம் வெட்டப்படாது என்ற உறுதி உண்டா, தொடர்பு அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் எவர் தேடிச் செல்வார், நிரந்தர ஊழியருக்குள்ள காப்புறுதி தற்காலிக ஊழியருக்கும் தொண்டருக்கும் உண்டா என்பன அவை.