தீங்கற்ற பித்தநாளக் குறுக்கம்: எண்டோஸ்கோப்பி சிகிச்சையின் நீண்டகால விளைவுகள்

புற்றுநோய் அல்லாத காரணங்களால் பித்தநாளம் சுருங்கி, பித்தநீரின் ஓட்டம் தடைபடுவது தீங்கற்ற பித்தநாளக் குறுக்கம் எனப்படும். இங்கு ‘தீங்கற்ற’ என்னும் சொல் புற்றுநோய் இல்லை என்பதை மட்டுமே குறிக்கும். தடை நீடித்தால் மஞ்சள் காமாலை, தோல் அரிப்பு, பித்தநாளத் தொற்று ஆகியவை ஏற்படும். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் கல்லீரல் இழைநார் வளர்ச்சியில் (சிரோசிஸ்) முடியக்கூடும்.

காரணங்கள்

பித்தப்பையை அகற்றும் அறுவையில் நாளத்துக்கு நேரும் காயம், கல்லீரல் மாற்று அறுவையில் நாளங்கள் இணைக்கப்பட்ட இடத்தில் உருவாகும் தழும்பு, நாட்பட்ட கணைய அழற்சி ஆகியவை முதன்மையான காரணங்களாகும். பொதுப் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டிச் செல்வதால், கணையத்தில் ஏற்படும் வீக்கமும் தழும்பும் நாளத்தை நெருக்குகின்றன.

சிகிச்சை முறை

இ.ஆர்.சி.பி. எனப்படும் முறையில், வாய் வழியாக முன்சிறுகுடல் வரை எண்டோஸ்கோப் செலுத்தப்படுகிறது. மெல்லிய கம்பி ஒன்று குறுக்கத்தைக் கடந்து செலுத்தப்பட்டபின், அவ்விடம் தேவைக்கேற்பப் பலூனால் விரிக்கப்பட்டு ஸ்டென்ட் என்னும் குழாய் வைக்கப்படுகிறது. பலூனால் மட்டும் விரித்தால் தழும்பு மீண்டும் சுருங்கும் வாய்ப்பு அதிகம். எனவே, நாளத்தை விரிந்த நிலையிலேயே வைத்திருக்க மாதக்கணக்கில் ஸ்டென்ட் தேவைப்படுகிறது.

பிளாஸ்டிக் ஸ்டென்ட்கள் அடைத்துக்கொள்ளும் என்பதால், பொதுவாக 3 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு வரை வைக்கப்படுகின்றன. முழுதும் உறையிட்ட உலோக ஸ்டென்ட் அகலமானது. அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கிளை நாளங்களை அடைத்துவிடும் என்பதால், அது கல்லீரல் வாயிலில் உள்ள குறுக்கங்களுக்குப் பொதுவாக ஏற்றதன்று.

நீண்டகால விளைவுகள்

ஆம்ஸ்டர்டாமில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டென்ட்களை ஓராண்டு வரை வைத்துச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அறுவைக்குப் பிந்தைய குறுக்கம் கொண்டிருந்த இந்நோயாளிகள் பற்றிய ஆய்வு 2001இல் வெளியானது. ஸ்டென்ட் அகற்றப்பட்டவர்களில் 20% பேருக்குக் குறுக்கம் திரும்பியது. அவை அனைத்தும் முதல் 2 ஆண்டுகளுக்குள் நேர்ந்தவை. ரோம் நகரில் கோஸ்தமாஞ்ஞா குழுவினர் ஒவ்வொரு முறையும் ஸ்டென்ட்களின் எண்ணிக்கையைக் கூட்டிச்சென்றனர். அவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 13 ஆண்டுகளுக்கும் மேல் கண்காணிக்கப்பட்ட 35 பேரில் 4 பேருக்கு மட்டுமே குறுக்கம் திரும்பியிருந்தது. அவர்களுக்கும் எண்டோஸ்கோப்பி மூலமே மறுசிகிச்சை அளிக்க முடிந்தது.

நாட்பட்ட கணைய அழற்சியில் பலன் குறைவு. நோயுற்ற கணையம் நாளத்தைத் தொடர்ந்து நெருக்குவதே இதற்குக் காரணம். குறிப்பாக, கணையத்தின் தலைப்பகுதியில் சுண்ணாம்புப் படிவு இருந்தால் பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்றை மட்டும் வைப்பது பெரும்பாலும் நிலைத்த பலன் தருவதில்லை. உலோக ஸ்டென்ட்கள் இந்நிலையை மேம்படுத்தியுள்ளன; எனினும் சிலருக்கு அறுவை தேவைப்படுகிறது.

பின்தொடர்தல்

காமாலை நீங்கி உடல்நலம் தேறியதும், ஸ்டென்ட் உள்ளே இருப்பதையே சிலர் மறந்துவிடுகின்றனர். அடைபட்ட ஸ்டென்டால் உண்டாகும் தொற்று, இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். குளிருடன் காய்ச்சல், மேல்வயிற்று வலி, கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல் ஆகியவை உடனடி மருத்துவ உதவி தேவை என்பதற்கான அறிகுறிகள். ஸ்டென்ட் அகற்றப்பட்ட பின்னரும் கல்லீரல் இரத்தப் பரிசோதனைகளைத் தொடர வேண்டும். காமாலை தோன்றுமுன்பே கார பாஸ்படேஸ் அளவு உயர்வது, குறுக்கம் திரும்புவதன் முதல் தடயமாக இருக்கலாம்.